பனிக்குள் பவுடர் கோட்டிங்: ஓட்டோ ரிம்மும் பெரியம்மாவின் தையல் மிஷின் பெடலும்

நிறத் தூளை இரும்பில் தூவி, ஓவனில் சுட்டு இறுகவைப்பதுதான் பவுடர் கோட்டிங். அதை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் விசாரிப்பது தூள் தூவும் துப்பாக்கி என்ன விலை, ஓவன் எங்கே கிடைக்கும் என்றுதான். இரண்டும் காசைக் கொடுத்தால் வந்துவிடும். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் காசு கொடுத்தாலும் வராதது காய்ந்த காற்று. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் கொடியில் போட்ட பெனியனே காய்வதில்லை. அந்தக் காற்றைத்தான் கொம்பிரசர் இழுக்கிறது. சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பும் அந்தக் காற்றில்தான் தொங்குகிறது. அதனால் இதில் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சமும் ஈரத்தைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

வேலைக்கு வந்தவை இரண்டு வகை. ஒன்று, மச்சானின் ஓட்டோ ரிம்கள், ஸ்டெப்னியும் சேர்த்து. மற்றது, பெரியம்மாவின் கால் தையல் மிஷினில் இருக்கும் வார்ப்பிரும்புப் பெடல். மச்சான் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஸ்பிரே கேன் வாங்கி ரிம்முக்கு வெள்ளி நிறம் அடிப்பார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் விளிம்பு முழுக்கத் துரு ஏறிவிடும். தோட்டத்து ரோட்டில் கல் தெறித்து ஓர் இடத்தில் பெயின்ட் உடைந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து பக்கத்தில் இருப்பதையும் கிளப்பிவிடும். பவுடர் கோட்டிங் தடிப்பானது, வளைந்து கொடுக்கும், கல்லடியையும் ஓரளவு தாங்கும். எட்டு அங்குல ரிம் என்பதால் வீட்டு ஓவனுக்குள்ளும் அடங்கும்.

பவுடர் கோட்டிங்கில் தின்னர் கிடையாது. பிசினையும் நிறத்தையும் கலந்து உருக்கி, ஆறவைத்து, நைஸாக அரைத்ததுதான் அந்தத் தூள். துப்பாக்கியின் நுனியில் பல்லாயிரம் வோல்ட் இருக்கும், ஓட்டம் மட்டும் மைக்ரோ அம்பியர் கணக்கில். நுனியைத் தாண்டிப் போகும் தூளில் மின்னேற்றம் ஏறும். எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட இரும்பு அதைத் தன் பக்கம் இழுக்கும், சுற்றி வளைத்துப் பின்பக்கத்திலும் கொஞ்சம் பிடிக்கும். பிறகு ஓவனில் தூள் உருகிப் பரவி இறுகும். ஒருமுறை இறுகியதைத் திரும்பச் சூடாக்கினாலும் உருகாது. 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் இதைத் தொடங்கியபோது துப்பாக்கியே கிடையாது. தொட்டிக்கு அடியிலிருந்து காற்றை விட்டுத் தூளை மிதக்கவைத்து, சூடாக்கிய இரும்பை அதற்குள் முக்கி எடுத்தார்கள். மின்னேற்றித் தூவும் முறை 1960களில்தான் பரவியது. அந்தப் பழைய முறைக்குப் பெடல் வேலையில் ஒரு தேவை வந்தது.

ஓவன் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கைமாறி வந்த 2 கிலோவொட் மின்சார ஓவன். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இழுத்திருக்கும் பழைய வயரிங் இரண்டு மூன்று பல்பையும் ஒரு டிவியையும் மனதில் வைத்துப் போட்டது. அதில் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிவைத்து இந்த ஓவனைக் கொளுத்தினால் முதலில் வேகுவது வயர்தான். போர்டிலிருந்து தனி லைன், சரியான எர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், இவை மூன்றும் இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம். ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் 2 யூனிட்தான். ஆனால் நம் பில்லில் யூனிட் கூடக்கூட வீதமும் ஏறும் என்பதால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சுடாமல் இரண்டு பில்லுக்குப் பிரித்துவிட்டோம்.

இந்த ஓவனில் இனிமேல் சாப்பாடு வைக்கக்கூடாது. கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அப்படியிருந்தும் நத்தாருக்குக் கேக் போட ஒருநாள் கொடு என்று கேட்டு ஆள் வந்தது.

காஸ் ஓவன் வேண்டவே வேண்டாம். காற்றில் மிதக்கும் தூள் ஓர் அளவைத் தாண்டினால் தீப்பொறி பட்டதும் வெடிக்கக்கூடியது. கோதுமை மா ஆலைகளில் நடக்கும் அதே வகை வெடிப்பு. அதனால் தூள் அடிக்கிற இடத்தில் விறகடுப்பு, சிகரட், கிரைண்டர் பொறி எதுவும் கூடாது. எங்கள் வீடுகளில் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: சாமி விளக்கு. படம் மாட்டிய முன்அறைக்கு அடுத்த அறையில் தூள் அடிப்பதென்றால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் செய்தோம். பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து, உள்ளே பொலித்தீன் ஒட்டி அதையே அறையாக்கினோம். காற்றை வெளியே இழுக்கும் ஃபேனுக்கு முன்னால் பில்டர் துணி இருக்கிறது, ஃபேன் மோட்டாருக்குத் தூள் போகக்கூடாது. சிந்தியதை ஈரத்துணியால்தான் துடைத்தோம். விளக்குமாற்றால் கூட்டினால் திரும்பக் காற்றில் ஏறும். வீட்டு வெக்யூம் கிளீனரின் மோட்டாரிலும் பொறி பறக்கும்.

முகத்துக்கு N95 தரத்தில் மாஸ்க். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. தூள் வாங்கும்போது டிஜிஐசி கலந்ததா என்று கேளுங்கள். பொலியெஸ்டர் தூளை இறுகவைக்கச் சேர்க்கும் அந்தப் பொருள் மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அது இல்லாத பொலியெஸ்டரும் கிடைக்கிறது. ரிம்முக்கு அதையே எடுத்தோம், நிறம் RAL 9005, கறுப்பு. மச்சான் வெள்ளி நிறத்துக்கு ஆசைப்பட்டார். மெட்டாலிக் தூளில் கலந்திருக்கும் உலோகச் செதில்கள் சின்னத் துப்பாக்கியில் ஒரே சீராக வருவதில்லை, ஒரு பாதி வெளுத்தும் ஒரு பாதி கறுத்தும் வந்தால் அதற்கும் சண்டை வரும் என்று சொல்லிக் கறுப்புக்கு இறக்கினேன். வெயில் படும் சாமானுக்கு எபொக்ஸி தூள் ஒத்துவராது, சில மாதத்தில் வெளுத்துப் பொடியும். மலை உயரத்தில் வெயில் குளிராகத் தெரிந்தாலும் புற ஊதாக்கதிர் கீழ்நாட்டைவிடக் கூடத்தான். வீட்டுக்குள் இருக்கும் பெடலுக்கு எபொக்ஸி தாராளமாகப் போதும்.

கொழும்பில் ஒரு கடையில் கிலோக் கணக்கில் பிரித்துக் கொடுத்தார்கள். வீணாகாமல் அடித்தால், 60, 70 மைக்ரோன் தடிப்பில் 1 கிலோ சுமார் 9, 10 சதுர மீற்றருக்கு வரும். நம் கையில் பாதி கீழே விழும் என்று வைத்தாலும் ரிம்முக்கெல்லாம் மிஞ்சும்.

இனி ஈரம்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துக்கு ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரைதான் காய்ந்த காலம். ஊவாப் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே மார்கழி, தை மாதங்களில் மழை. ஜூன், ஜூலையில் நாங்கள் குடையோடு திரியும்போது மலையைத் தாண்டி இறங்கும் காற்று அவர்கள் பக்கத்தைக் காயவைத்துக்கொண்டிருக்கும். பண்டாரவளைக்காரர் யாராவது இதைப் படித்தால் மாதத்தை மாற்றிக்கொள்ளவும். காய்ந்த மாதத்திலும் முழுநாளும் கைக்கு வராது. விடியற்காலையில் பனி இறங்கியிருக்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மூடுபனி ஏறி வரும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் நமக்கு. ஒரு சின்ன ஈரமானியைக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்தோம். ஈரம் 60 வீதத்துக்குக் கீழே இறங்கினால் துப்பாக்கியை எடுப்போம், இல்லாவிட்டால் அன்றைக்குச் சுரண்டுகிற வேலை.

ஈரம் கெடுப்பது ஓரிடத்தில் அல்ல. தூள் ஈரத்தைக் குடித்தால் கட்டிகட்டியாகும், துப்பாக்கி சீராக ஊதாமல் திக்கித் திக்கித் துப்பும். ஒரு பிடி அள்ளி விரலை விரித்துப் பார்த்தால் தெரியும், நல்ல தூள் விரலிடுக்கில் வழுகி ஓடிவிடும், கெட்டது உள்ளங்கையில் உருண்டையாக நிற்கும். பையை இறுக்கிக் கட்டி, மூடி போட்ட டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தோம். சூட்டைக் கண்டால் கெடும் சாமான் என்பதால் மலைநாட்டுக் குளிர் அதற்கு நல்லதுதான். ஆனால் குளிர்ந்த டப்பாவை வெயில் ஏறிய கொட்டகைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் தூளின்மேலேயே நீர் கோக்கும். காலையில் கொண்டுவந்து மூடியோடு வைத்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் திறக்கவேண்டும்.

கொம்பிரசரில் குளிரை நம் பக்கம் திருப்பலாம். காற்றை அழுத்தும்போது அது சூடாகி, டாங்கியில் ஆறும்போது தண்ணீரை விடும். முதல் நாள் மாலையிலேயே டாங்கியை நிரப்பி நிறுத்திவிட்டால் இரவுக் குளிரில் அந்தத் தண்ணீரெல்லாம் அடியில் சேரும். விடிந்ததும் அடிக்குழாயைத் திறந்தால் கலங்கிய, துரு நிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். அது போனபிறகு டாங்கியில் மிஞ்சும் காற்று, துப்பாக்கிக்கு அழுத்தம் குறைந்து வரும்போது வெளிக்காற்றைவிட நன்றாகவே காய்ந்திருக்கும். சின்ன டாங்கிதான், ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு 10, 12 பிஎஸ்ஐ போதும் என்பதால் ரிம்மின் ஒரு பாதியை மோட்டாரைத் தட்டாமலே முடிக்கலாம். தண்ணீர் பிடிக்கும் பில்டரைக் கொம்பிரசரின் வாயில் மாட்டுவதைவிடத் துப்பாக்கியின் பக்கம் மாட்டுவது நல்லது. காற்று ஹோஸ் வழியாக வரவர ஆறுகிறது, மிச்சத் தண்ணீர் அந்த முனையில்தான் விழும். தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளைக் கடதாசியில் கொஞ்ச நேரம் வெறும் காற்றை ஊதிப் பாருங்கள். புள்ளி விழுந்தால் எண்ணெயோ தண்ணீரோ வருகிறது.

மலைநாட்டு ஈரம் எர்த்துக்கு மட்டும் நல்லது. எர்த் கம்பி அடித்த மண் வருஷம் முழுக்க நனைந்தே இருப்பதால் மின்சாரம் இறங்க நல்ல வழி கிடைக்கிறது. ஆனாலும் தொங்கவிட்ட சாமானுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். தொழிற்சாலைகளில் 1 மெகா ஓமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது கணக்கு. இங்கே கெடுப்பது கொக்கி. முந்திய சுட்டில் தூள் படிந்து இறுகிய கொக்கி கரண்டைக் கடத்தாது. ஒவ்வொரு தடவையும் கொக்கியின் வளைவை அரத்தால் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டினால்தான் தூள் ஒட்டும்.

ரிம்முக்கு வருவோம். ஓட்டோ ரிம் இரண்டு பாதியாக நட்டுப் போட்டுப் பிடித்திருக்கும். ரிம்மை ட்ரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். வால்வு ஊசியைக் கழற்றி, டியூப் முழுக்க இறங்கி, டயரைக் காலால் மிதித்துப் பார்த்தபிறகுதான் சாவியை வைக்கவேண்டும். மச்சான் தொழில்காரர், அவருக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் புதிதாகச் செய்கிறவருக்குச் சொல்கிறேன்.

பழைய பெயின்ட்டைக் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் எடுத்தோம். கம்பித் துண்டு தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். மணல் அடிக்கும் வேலையை ஆற்று மணலைச் சலித்து வீட்டிலேயே செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. பிரஷ் எட்டாத மடிப்புகளில் இருந்த துருவுக்குச் சிட்ரிக் அசிட். சுடுதண்ணீரில் 5 வீத அளவுக்குக் கரைத்துப் பிளாஸ்டிக் பேசினில் ஊறவைத்தால் துரு கறுத்துக் கழன்று வரும். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் பலமுறை. வெறும் இரும்பு தெரிந்ததும் நட்டு ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தோம். விரிசல் உள்ள ரிம்முக்குப் பவுடர் அடித்தால் விரிசல் மறையும், போகாது. அப்படி ஒன்று இருந்தது, ஸ்டெப்னி ரிம்தான். அதை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கினார்.

எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க இருப்பதிலேயே மலிவான சோதனை தண்ணீர்தான். சுத்தமான தண்ணீரை ரிம்மில் ஊற்றினால் அது மெல்லிய தாளாக முழுக்கப் படிந்து இறங்கவேண்டும். எங்காவது விலகி முத்துமுத்தாக நின்றால் அந்த இடத்தில் கிரீஸ் இருக்கிறது. முதல் கழுவலில் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் நிற்காமல் விலகியது. சவர்க்காரத்தூளும் சுடுதண்ணீரும் போட்டுத் திரும்பத் தேய்த்தபிறகுதான் படிந்தது. அதற்கப்புறம் கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது, விரல் ரேகையும் எண்ணெய்தான்.

இந்த இடத்தில் மலைநாட்டில் வேகம் வேண்டும். சுத்தமான இரும்பை ஈரத்தோடு வெளியே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மஞ்சள் படிந்திருக்கும். நாங்கள் கழுவியதும் துணியால் ஒற்றி, ஏற்கனவே 120 டிகிரிக்குச் சூடாகியிருக்கும் ஓவனில் நேராக வைத்தோம். மடிப்புகளில் ஒளிந்திருக்கும் தண்ணீரும் அதில் போய்விடும். எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தூள் அடிப்பதுதான் முறை. அறைக் காற்றைவிட இரும்பு கொஞ்சம் சூடாக இருக்கும்வரை அதன்மேல் பனி கோக்காது. இரவு முழுக்கக் கொட்டகையில் கிடந்த ரிம்மைக் காலையில் பார்த்தால் வேர்த்திருக்கும். அதன்மேல் தூள் அடித்தால் சுடும்போது கொப்புளம் எழும்பும்.

மறைக்கவேண்டிய இடங்களில் விட்டுக்கொடுக்கக்கூடாது. நட்டு உட்காரும் சரிவு, ட்ரம்மோடு ஒட்டும் முகம், இரண்டு பாதியும் சேரும் முகம், இவற்றில் தூள் படக்கூடாது. நட்டின் கீழே கோட்டிங் இருந்தால் ஓடஓட அது நசுங்கி மெலியும், நட்டு தளரும். சக்கரம் கழல்வதற்கு அது போதும். சூடு தாங்கும் பொலியிமைட் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டினோம். கடையில் கிடைக்கும் சாதாரண மாஸ்கிங் டேப் 200 டிகிரியில் கருகி, பசையை இரும்பிலேயே விட்டுவிடும். புரியுள்ள ஓட்டைகளுக்குப் பழைய போல்ட்டையே முறுக்கிவிட்டோம்.

தூள் அடிக்கும்போது பார்க்கவேண்டியது தடிப்பு. இரும்பு நிறம் மறைந்து வெல்வெட்டாகத் தெரிந்ததும் நிறுத்தவேண்டும். ஆசைப்பட்டு மேலே மேலே அடித்தால் படிந்த தூளின் மின்னேற்றமே புதிய தூளைத் தள்ளத் தொடங்கும், மேற்பரப்பில் குட்டிக் குட்டிப் பள்ளம் விழும், சுட்டபின் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு வரும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் விட்ட இடம் தெரியும். பிடிக்காவிட்டால் இந்த நிலையில் காற்றால் ஊதி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், ஸ்பிரே பெயின்ட்டில் இல்லாத வசதி. ஓவனுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் எதிலும் உரசக்கூடாது. கொட்டகையில் பிள்ளைகளை நிற்கவிடாததற்கு அதுதான் முதல் காரணம்.

எங்கள் தூள் பையில் போட்டிருந்தது 200 டிகிரி, 10 நிமிஷம். அந்த 200 இரும்பின் சூடு, ஓவன் காற்றின் சூடல்ல. ஓவன் டயலை நம்பவேண்டாம், பழைய தெர்மோஸ்டட் இருபது முப்பது டிகிரி சாதாரணமாக ஏமாற்றும். மல்டிமீட்டரோடு வரும், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயரை ரிம்மில் தூள் படாத மூலையில் தொடவைத்து, கதவிடுக்கால் வெளியே இழுத்தோம். இன்ஃப்ராரெட் துப்பாக்கி இருப்பவர்கள் கோட்டிங்கின் மேல் பிடித்துப் பார்க்கலாம், பளபளக்கும் வெறும் இரும்பில் பிடித்தால் சூட்டைக் குறைத்துக் காட்டும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மங்கிக் கிடக்கும் தூள் முதலில் விளிம்பில் நனைந்து கறுத்து, பிறகு அந்த ஈரப்பளபளப்பு நடுவை நோக்கி ஊர்ந்து போகும். உருகிவிட்டது என்றுதான் அர்த்தம், இறுகவில்லை. அந்த நேரத்தில் அடுப்பை நிறுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், கல் பட்டதும் ஓடு உடையும். இரும்பு 200 தொட்டபிறகுதான் 10 நிமிஷக் கணக்கு.

பெடல் இன்னொரு கதை.

பெரியம்மா லயத்தில் இருந்த காலத்திலிருந்து அந்த மிஷினில் தைக்கிறார். பெடல் வார்ப்பிரும்பு, பூ வேலைப்பாடாக ஓட்டை ஓட்டையாக வார்த்தது. அத்தனை வருஷ மிஷின் எண்ணெயும் அதன் நுண்துளைகளுக்குள் இறங்கிக் கிடந்தது. வார்ப்பிரும்புக்கு மேலே கழுவுவது போதாது. சுடும்போது உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் வெளியே வரப் பார்க்கும், உருகிய தூளைத் துளைத்துக்கொண்டு வரும், ஊசித் துளையாக நிற்கும். அதனால் தூள் போடும் முன்னரே, சுடப்போகும் சூட்டைவிடக் கூடிய சூட்டில் வெறுமனே சுடவேண்டும். மண்ணெண்ணெயால் கழுவி, சவர்க்காரத்தூளால் கழுவி, வெயிலில் வைத்து, மண்ணெண்ணெய் வாசம் முற்றாகப் போனபிறகு 220 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டோம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தும் கொட்டகை முழுக்கப் புகை. வெளியே எடுத்தபோது பூ இதழ்களின் ஓரத்தில் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக நின்றது.

"என்னாய்யா இது, வெல்லப்பாகு கசியிற மாதிரி கசியுது," என்றார் பெரியம்மா.

"நீங்க ஊத்துன எண்ணெதான் பெரியம்மா."

"நான் எங்க ஊத்துனேன், ஒங்க பெரியப்பா ஊத்துனாரு."

ஆறவைத்துத் தின்னர் துணியால் துடைத்துத் திரும்பச் சுட்டோம். சொட்டு நிற்கும்வரை அதையே செய்யவேண்டும், குறுக்கு வழி கிடையாது. வெள்ளைத் துணியில் பழுப்பு ஏறாமல் வந்தபிறகுதான் தூளை எடுத்தோம்.

அடுத்த சிக்கல் பூ வேலைப்பாடு. மின்னேற்றிய தூள் கிட்ட இருக்கும் விளிம்புக்குத்தான் ஓடும். மூலைக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் மின்புலம் எட்டாது, விளிம்பு குண்டாகிக்கொண்டே போகும், பள்ளம் இரும்பாகவே நிற்கும். ஃபாரடே கூண்டு என்பது இதுதான். பெரிய துப்பாக்கிகளில் வோல்ட்டைக் குறைத்து இதைச் சமாளிப்பார்கள். எங்கள் துப்பாக்கியில் அந்தத் திருகு இல்லை. அதனால் கெம்மரின் வழி: பெடலை 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வெளியே எடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காற்றையும் குறைத்து, பள்ளங்களுக்குள் மட்டும் தூளை மெல்ல ஊதினோம். பட்ட இடத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடினாலும் வழிந்துவிடும், அதனால் ஒரு மூச்சு ஊதி நிறுத்தி, அது நனைவதைப் பார்த்துவிட்டு அடுத்த மூச்சு. பள்ளம் நிரம்பியபிறகு மின்னேற்றத்தைப் போட்டு மேல்பக்கத்தை வழக்கம்போல் முடித்தோம். சூடான இரும்பைத் தோல் கையுறையோடு கொக்கியில் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். தனியாகச் செய்யும் வேலை அல்ல.

பெடல் கனம். ரிம் பாதி இருபது நிமிஷத்துக்குள் சூட்டைத் தொட்டது, பெடலுக்கு அதைவிட இரண்டு மடங்கு பிடித்தது. தெர்மோகப்பிள் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்திருந்தால் அரைவேக்காட்டில்தான் எடுத்திருக்கவேண்டும்.

இறுகியதா என்று பார்க்க, முழுக்க ஆறியபின் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தோம். பளபளப்பு சற்று மங்கலாம். நிறம் துணியில் ஏறி, மேற்பரப்பு பிசுபிசுத்தால் வேகவில்லை, திரும்ப ஓவனில் வைக்கலாம். டேப்பை இளஞ்சூட்டில் உரிப்பது நல்லது, முழுக்க ஆறினால் விளிம்பு பிய்ந்து வரும்.

மாட்டும்போது ட்ரம் நட்டுகளை இறுக்கிவிட்டு, டிக்கோயா வரைக்கும் ஒரு சுற்று போய் வந்து திரும்ப இறுக்கினோம். வெறும் இரும்பாக விட்ட இடங்களைச் சுற்றி ஸிங்க் பிரைமரைத் தூரிகையால் தொட்டுவைத்தோம்.

இப்போது ஒரு தென்மேல் மழைக்காலம் போய்விட்டது. ரிம்மின் முகமெல்லாம் நன்றாக இருக்கிறது, சேற்றைத் துடைத்தால் கறுப்பு அப்படியே தெரிகிறது. துரு வந்த இடங்கள் இரண்டு. டயர் கம்பி போட்டு நெம்பிய விளிம்பில் ஒரு கீறல், அது எந்தக் கோட்டிங்குக்கும் வரும். மற்றது வால்வு ஓட்டையின் கூர்மையான ஓரம். தூள் உருகும்போது கூர் விளிம்பிலிருந்து விலகி உள்ளே இழுத்துக்கொள்ளும், ஓரத்தில் படலம் மெலிந்துவிடும். அந்த ஓட்டையின் ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டு அடித்தால் பிடிக்கும். அடுத்த டயர் மாற்றத்தில் அந்த ரிம்மை மட்டும் திரும்பச் செய்யப்போகிறோம்.

ஓட்டோ ஸ்டாண்டில் பார்த்துவிட்டு இப்போது ஆளாளுக்குச் சாமான் கொண்டுவருகிறார்கள். பைக் அலோய் ரிம்மைத் திருப்பி அனுப்பினேன். சூட்டுப் பதப்படுத்தலால் பலம் பெறும் அலுமினியக் கலவைகள் 200 டிகிரியில் அந்தப் பலத்தை இழக்கலாம், அது எந்தக் கலவை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லமுடியாது. ஷொக் அப்சோர்பரை முழுதாகக் கொண்டுவந்தவரிடம் ஓவனுக்குள் அது குண்டு என்று சொன்னேன், உள்ளே எண்ணெய், சிலவற்றில் அழுத்தக் காற்றும் இருக்கிறது. பெட்ரோல் டாங்கி, பொடி பில்லர் (பள்ளம் நிரப்பும் பசை) போட்ட சாமான், ஈயப் பற்று வைத்த சாமான் எதுவும் எடுப்பதில்லை. சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கேட்டுக் கீல், ஜன்னல் கொக்கி, லொறிப் பெட்டித் தாழ்ப்பாள் என்று இரும்பில் சின்னதாக எது வந்தாலும் மகிழ்ச்சி, பெப்ரவரி வரைக்கும் பொறுத்தால்.

பெரியம்மாவுக்குப் பெடல் மட்டும் புதிதாக இருப்பது பிடிக்கவில்லை, மிஷின் கால் முழுவதும் கேட்கிறார். அது ஓவனுக்குள் போகாது. சுரண்டித் துருவெடுத்து, பிரைமர் போட்டு, எனமல் பெயின்ட்டைத் தூரிகையால் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.